கோதுமை, பால் நிறுத்தினால் பேச்சு வருமா? எங்கள் வீட்டில் நடந்த 11 மாதம்

கேள்வி (09-06-2024, மாலை)

பையனுக்கு 5 வயது, ஆட்டிசம். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறான். நடுநடுவே ஜட்டியில் தண்ணியாகக் கறை. கோதுமையும் பாலும் நிறுத்துங்கள், மூன்று மாதத்தில் பேச்சு வரும் என்று தெரபி சென்டரில் சொல்கிறார்கள். இவன் சாப்பிடுவதே தயிர்சாதம், பால், ஒரே ஒரு வகை பிஸ்கட். அதையும் பிடுங்கினால் என்ன கொடுப்பது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

09-06-2024, இரவு 10.40

செய்தோம், ஆட்டிசம் உள்ள எங்கள் சின்னவனுக்கு. 11 மாதம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்து 2022 ஜூன் வரை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பால், தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. ஒரு பொட்டுக் கோதுமை அவன் வாய்க்குப் போகவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். பேச்சு வரவில்லை. வயிறு சரியானது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், மாவு பொங்கி வழிகிறது.

09-06-2024, இரவு 11.15

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் காலையில் பிஸ்கட்டைத் தூக்கி எறிவதற்கு முன்னால். கோதுமையை நிறுத்துகிற யோசனை இருந்தால் முதலில் சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் புண்ணாகிற நோய்) ரத்தப் பரிசோதனை எடுங்கள். டிடிஜி ஐஜிஏ என்று எழுதித் தருவார்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். நிறுத்தி சில மாதம் கழித்து எடுத்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அப்புறம் திரும்பக் கோதுமை கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் எடுத்தோம். ‘இதை வைத்து நான் என்னம்மா சொல்ல?’ என்று டாக்டர் பேப்பரைத் திருப்பித் தந்தார்.

10-06-2024, மதியம்

எப்படி ஆரம்பித்தது என்றால், கொரோனா சமயம். தெரபி சென்டர் மூடிக் கிடந்தது. செல்போனில் வகுப்பு. சின்னவன் செல்போனைப் பார்க்கவே மாட்டான், நான்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவான். சோபா கைப்பிடியில் வயிற்றை வைத்து அழுத்திக் குப்புறக் கிடப்பான், கால் தரையில் படாது. அதை ‘சென்சரி’, அதாவது உடம்பில் அழுத்தம் வேண்டிச் செய்கிறான் என்று சொன்னார்கள். நானும் சென்சரி என்றே நம்பி, அவன் படுப்பதற்கு வசதியாக இரண்டு தலையணை வேறு வாங்கினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அவன் அப்போது சாப்பிட்டது: காலையில் ஒரு பெரிய டம்ளர் பால், பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, படுக்கும்போது அரை. மதியம் தயிர்சாதம். உருளைக்கிழங்கு சிப்ஸ். ஒரே ஒரு கடை பரோட்டா, அதுவும் ஓரத்து முறுகல் மட்டும். காய் இல்லை, பழம் இல்லை, பருப்பு இல்லை. ஹீமோகுளோபின் 8.9.

ஜட்டியில் கறை எங்களுக்கும் இருந்தது. பேதி என்று நினைத்து, தெரிந்தவர்கள் பேச்சைக் கேட்டு மாதுளைத் தோல் கஷாயம் கொடுத்தேன். அது மேலும் கட்டும். பேதியே இல்லை அது. உள்ளே மலம் கல்லாக அடைத்துக் கிடக்க, புதிதாக வருவது அதைச் சுற்றிக் கசிகிறது. வயிற்றை எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. உங்கள் கேள்வியில் ‘மூன்று நாலு நாள்’ என்பதையும் ‘கறை’ என்பதையும் சேர்த்துப் படித்ததும் எனக்கு அந்த எக்ஸ்ரேதான் ஞாபகம் வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆனால் குழந்தைகள் டாக்டரிடம் போய் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

10-06-2024, இரவு

‘அப்படியானால் பால் நிறுத்தியதில்தானே சரியானது, பிறகு ஏன் டயட்டைக் குறை சொல்கிறீர்கள்?’ என்று கேட்டவருக்கு.

நியாயமான கேள்விதான். சிக்கல் என்னவென்றால், ஐந்தாவது வாரத்தில் அந்த எக்ஸ்ரேயும் எடுத்து, மலம் இளக்கும் பவுடரும் ஆரம்பித்தோம் (பாலிஎத்திலீன் கிளைக்கால், தண்ணீரில் கலந்தால் ருசி தெரியாது). அதே மாதம் தெரபி சென்டரும் திறந்துவிட்டது. இரும்புச்சத்து மருந்தும் அப்போதுதான். நாலையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்குகிறான் என்றால் பெயர் யாருக்கு? நான் டயட்டுக்குக் கொடுத்தேன், அதற்குத்தான் அதிகம் கஷ்டப்பட்டேன் என்பதால்.

11-06-2024

எஸ்சிடி (ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்) பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு. நாங்கள் செய்த ஜிஎஃப்சிஎஃப் என்பது கோதுமை வகைகளில் உள்ள குளூட்டன், பாலில் உள்ள கேசின் இரண்டையும் நீக்குவது. எஸ்சிடியில் தானியம் எதுவுமே கூடாது. அரிசியும் கூடாது, உருளைக்கிழங்கு, சர்க்கரையும் கூடாது. ஆனால் வீட்டிலேயே 24 மணி நேரம் புளிக்க வைத்த தயிர் சாப்பிடலாம். ஆக முதல் டயட்டில் சாதம் உண்டு, தயிர் கிடையாது. இரண்டாவதில் தயிர் உண்டு, சாதம் கிடையாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் தயிர்சாதக் கிண்ணம் மட்டும் மிஞ்சும், அதை நக்கலாம்.

என் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, ‘அரிசி கூடாதா? எந்த ஊர்க்காரன் சொன்னது?’ என்றார். 1920களில் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர் சீலியாக் குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை வைத்து ஆரம்பித்த வைத்தியத்திலிருந்து வந்தது அது. ஆட்டிசத்துக்காக வந்ததே இல்லை.

11-06-2024, ராத்திரி, தூக்கம் வரவில்லை

நாங்கள் செய்த டயட்டுக்கு அடிப்படை என்ன என்று நான் அப்போதே தேடிப் படித்திருக்க வேண்டும். குளூட்டனும் கேசினும் சரியாகச் செரிக்காமல் துண்டு துண்டாகி, குடல் வழியே ரத்தத்துக்குள் கசிந்து, மூளையில் அபின் மாதிரி வேலை செய்கிறது என்பது கதை. 1979இல் ஜாக் பாங்க்செப் என்ற மூளை ஆராய்ச்சியாளர் ஆட்டிசத்துக்கும் மூளையின் அபின் வகைப் பொருள்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். நார்வேயில் ரைக்கெல்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் குழந்தைகளின் சிறுநீரில் அந்தத் துண்டுகள் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு 2008இல் பிரிட்டனில் நுட்பமான கருவி வைத்துத் தேடிப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ள பையன்களின் சிறுநீரில் அவை இல்லை. இந்தச் சிறுநீர் டெஸ்டுக்கு நானும் பணம் கட்டினேன். எவ்வளவு என்று சொன்னால் வீட்டுக்காரர் இதைப் படிப்பார்.

டயட்டையே சோதித்தவர்களும் உண்டு. 2006இல் ஃபுளோரிடாவில் 15 குழந்தைகள், 12 வாரம். எந்தக் குழந்தைக்கு எந்தச் சாப்பாடு என்று பெற்றோருக்கும் தெரியாது, அளப்பவர்களுக்கும் தெரியாது. அளவுகளில் வித்தியாசம் இல்லை. ஆனால் பெற்றோரில் சிலர் முன்னேற்றம் தெரிந்ததாகச் சொன்னார்கள். 2016இல் வெளிவந்த அமெரிக்காவின் ரோசெஸ்டர் ஆய்வில் 14 சின்னக் குழந்தைகள். எல்லோரையும் கறாராக டயட்டில் வைத்து, நடுநடுவே கோதுமை அல்லது பால் ஒளிந்த தின்பண்டம் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம், மலம், நடத்தை எதிலும் மாற்றம் இல்லை. நார்வேயில் 2002இல் 20 குழந்தைகளை வைத்து ஒரு வருஷம் செய்ததில் நல்ல பலன் என்று வந்தது. ஆனால் அதில் தங்கள் குழந்தை டயட்டில் இருப்பது பெற்றோருக்குத் தெரியும். எல்லாமே சின்னச் சின்ன ஆய்வுகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி 2013இலிருந்து, ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்காக இந்த டயட் வேண்டாம் என்றே சொல்கிறது.

‘தெரிந்தால் என்ன, அம்மாவுக்குத் தெரியாதா தன் பிள்ளை?’ என்று கேட்கப் போகிறீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

13-06-2024, காலை 7.10

ஐயோ.

13-06-2024, காலை 9.30

சரி, சமையல் முடித்துவிட்டு வந்தேன். நேற்று ஒரு சகோதரி ஒரே வரியில் கேட்டிருந்தார்: ‘பெருங்காயம் எது போட்டீர்கள்?’

சிரித்துக்கொண்டேதான் அடுக்களைக்குப் போனேன். மஞ்சள் டப்பா. கல்யாணமாகி நான் பாளையங்கோட்டைக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அதே டப்பாதான், காலியானால் அதே கம்பெனி மறுபடி வரும். பின்பக்கம் எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோந்து, கோதுமை மாவு, அப்புறம்தான் பெருங்காயம்.

கூட்டுப் பெருங்காயம் என்றால் அப்படித்தானாம். சுத்தப் பெருங்காயத்தின் காட்டத்தை அப்படியே போட முடியாது என்பதால் மாவில் கலந்து விற்கிறார்கள். பல கம்பெனிகளில் கோதுமை மாவு அல்லது மைதா, சிலவற்றில் அரிசி மாவு. ஆக 11 மாதமும் சாம்பாரில், ரசத்தில், அவனுக்கென்றே தாளித்த உருளைக்கிழங்கில், தினமும் இரண்டு வேளை கோதுமை. நான் முதல் நாள் பண்ணிய சத்தியத்தை வாபஸ் வாங்குகிறேன்.

13-06-2024, மாலை

அந்தக் காலத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். 40 பக்க நோட்டு, தினமும் எழுதியிருக்கிறேன். 24-08-2021: ‘வாயு அதிகம். ரசத்தில் பெருங்காயம் கூடப் போட்டேன். சாயங்காலம் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். கோதுமை உடம்பைவிட்டு வெளியேறுகிறது.’

என் கையெழுத்துதான். கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன்.

14-06-2024

‘ஒரு சிட்டிகைதானே, அதனால் என்ன ஆகிவிடும்?’ என்கிறார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இந்த டயட்டைச் சொல்லித் தந்தவர்கள் ஒரு பிஸ்கட் துணுக்கு போனாலும் ஆரம்பத்திலிருந்து எண்ண வேண்டும் என்றார்கள். அவர்கள் கணக்குப்படி நான் ஒரு நாள்கூட டயட் செய்யவில்லை. செய்யாத டயட்டால்தான் பையன் கண்ணைப் பார்த்தான் என்று எழுதி வைத்திருக்கிறேன். அதே சமயம், செய்யாத டயட் தோற்றது என்றும் நான் சொல்லக்கூடாது. ஆகையால் கோதுமையைப் பற்றி என் சொந்த அனுபவம் இனிமேல் பூஜ்யம். யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

15-06-2024

தன் மகளுக்கு டயட்டில் பேச்சு வந்தது என்று எழுதிய திருப்பூர்ச் சகோதரருக்கு. உங்கள் மகள் பேசுவதில் எனக்குச் சந்தோஷம்தான், நிஜமாகவே. பொய் சொல்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று வயதில் ஆரம்பித்தீர்கள், நாலரையில் பேசினாள். டயட் இல்லாமலும் அந்த வயதில் பேச ஆரம்பிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எது என்று உங்களாலும் பிரிக்க முடியாது, என்னாலும் முடியாது.

செக்ரெட்டின் ஊசி (குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோன்) ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பழைய ஆட்களுக்குத் தெரியும். 1998இல் மூன்று பிள்ளைகளுக்குக் குணம் தெரிந்தது என்று கிளம்பி அமெரிக்காவே அலைந்தது. 1999இல் பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் போட்டுப் பார்த்தார்கள். மருந்து போட்டவர்களில் 30 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். உப்புநீர் போட்டவர்களிலும் 30 சதவீதம். இதில் என்னைச் சுட்டது வேறு ஒன்று: முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் ஊசியில் இன்னும் ஆர்வமாக இருந்தார்கள். நானாக இருந்தால் அந்த 69இல்தான் இருந்திருப்பேன்.

16-06-2024

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். பணத்தைவிட அவன் தட்டில்தான் பெரிய செலவு. முதல் இரண்டு மாதத்தில் எடை 1.6 கிலோ குறைந்தது. ஏற்கெனவே ஐந்தாறு பொருள்தான் சாப்பிடுகிற பிள்ளையிடம் மூன்றைப் பிடுங்கினால் அந்த இடத்தில் புதிதாக எதுவும் தானாக வந்து உட்காராது. பசித்தால் சாப்பிடுவான் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் பசித்தாலும் சாப்பிடாமல் கிடப்பார்கள். ஒரு ராத்திரி அவன் காலித் தயிர்க் கிண்ணத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்துவிட்டு நின்றான். பேச்சு இல்லாத பிள்ளை அதைவிடத் தெளிவாக எப்படிக் கேட்பான்? நான் கொடுக்கவில்லை.

எலும்பு விஷயமும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 75 பையன்களின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பின் தடிமன் குறைவாக இருந்தது. பால் நிறுத்தியவர்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே பாலை நிறுத்தினால் கால்சியத்துக்கு வழி செய்துவிட்டு நிறுத்துங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்குக் கிட்டத்தட்ட 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் 120தான். ஆனால் கேழ்வரகில் இருப்பது முழுக்க உடம்பில் சேராது. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுகிற பிள்ளை என்றால் கவலையே இல்லை. எங்கள் வீட்டில் மீன் வாசனை வந்தாலே மொட்டை மாடிக்குப் போய்விடுவான்.

18-06-2024

பால் கதை பாக்கி இருக்கிறது.

2022 ஜூனில் பவுடரை டாக்டர் சொன்னபடி மெதுவாகக் குறைத்து நிறுத்திய பிறகு, என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். அவர் மின்வாரியத்துக்காரர், ஃபியூஸ் போனால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிற ஆள். சாயங்காலக் கேழ்வரகுக் கஞ்சியை அவரே காய்ச்சுவார், நான் அடுக்களைக்குள் போகக்கூடாது. ஒரு வாரம் இரண்டு டம்ளர் பசும்பாலில், ஒரு வாரம் தேங்காய்ப்பாலில். கருப்பட்டி தூக்கலாகப் போட்டதால் வித்தியாசம் தெரியாது. எது என்று அவர் தன் டைரியில் குறித்துக்கொள்வார். நான் தினமும் சின்னவனுக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும்: கண் பார்ப்பது, கத்துவது, தூக்கம். வெளிக்குப் போன கணக்கு தனி. நாலு வாரம்.

கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் மார்க்குக்கும் பாலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதிக மார்க் போட்டது ஒரு பால் வாரத்தில், என் அம்மா வந்திருந்தபோது. ஆனால் வெளிக்குப் போனது? தேங்காய்ப்பால் வாரங்களில் ஐந்து தடவை, ஆறு தடவை. பால் வாரங்களில் இரண்டு, மூன்று.

இது எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு இல்லை. 1998இல் இத்தாலியில் 65 குழந்தைகள், எல்லாம் ஆட்டிசம் இல்லாத சாதாரணக் குழந்தைகள், நாள்பட்ட மலச்சிக்கல். பசும்பாலுக்குப் பதில் சோயாப்பால் கொடுத்தபோது 44 பேருக்குச் சரியானது. பசும்பாலிலேயே இருந்தபோது ஒருவருக்கும் சரியாகவில்லை. எல்லாக் குழந்தைக்கும் பால் ஆகாது என்று அர்த்தம் இல்லை, சிலருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான். எங்களுக்குப் பால் ஆட்டிசத்தோடு சம்பந்தப்படவில்லை, ஆசனவாயோடு சம்பந்தப்பட்டது. அங்கே வலித்தால் எந்தப் பிள்ளையும் கண்ணைப் பார்த்துச் சிரிக்காது.

18-06-2024, இரவு

‘தேங்காய்ப்பாலே மலத்தை இளக்குமே, பால் கட்டியதா, தேங்காய்ப்பால் இளக்கியதா?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு ‘ஒரு வாரம் வெறும் தண்ணியிலயும் காய்ச்சியிருக்கணும்’ என்றார். ஒத்துக்கொள்கிறோம்.

21-06-2024

இப்போது என்ன சாப்பிடுகிறான் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எட்டு வயது ஆகிறது. காலையில் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். தயிர்சாதம் உண்டு, ஒரு கிண்ணம், அதனால் தொந்தரவு இல்லை. இட்லி. சப்பாத்தி சாப்பிடுவான், முன்பு சாப்பிட மாட்டான், யார் மாற்றியது என்று தெரியவில்லை. பப்பாளி, கண்ணில் படாமல் அரைத்தது. பேச்சு: ‘மா’, ‘போ’, ‘தண்ணி’. மீதிக்குப் படம் போட்ட அட்டை. அதில் ‘வயிறு வலி’ அட்டையை அவனாக எடுத்துக் காட்ட ஒன்றரை வருஷம் ஆனது. எனக்கு அந்த அட்டைதான் 11 மாதத்தைவிடப் பெரிசு.

22-06-2024

குடல் கிருமிகள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளின் மலத்தைப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடலில் கிருமி வகைகள் குறைவாக இருந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்கள் குறைந்த வகைச் சாப்பாடு சாப்பிடுவதுதான் என்று வந்தது. நாமெல்லாம் வண்டியை முன்னாடி கட்டிவிட்டு மாட்டை அடித்துக்கொண்டிருக்கிறோமோ என்னவோ. ஆயிரக்கணக்கில் கொடுத்து மலப் பரிசோதனை எடுக்கும் முன் யோசியுங்கள்.

29-06-2024

கேள்வி கேட்ட சகோதரி தனியாக எழுதியிருந்தார். இங்கே போடச் சொன்னார், போடுகிறேன். சீலியாக் டெஸ்டில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயில் அடைப்பு. இரண்டு நாள் வெளியேற்றும் மருந்து, இப்போது தினம் பவுடர். தெரபி சென்டரில் ‘டயட்டைத் தள்ளிப் போடாதீர்கள்’ என்று கோபித்துக்கொண்டார்களாம். பால் இப்போதைக்கு ஒரு டம்ளர், தயிர்சாதமும் பிஸ்கட்டும் அப்படியே.

அவருக்கு இரண்டு சந்தேகம். பவுடர் எவ்வளவு நாள்? டாக்டர் சொல்லும்வரை. நல்லாகிவிட்டது என்று நாமாகப் பத்தே நாளில் நிறுத்தினால் மறுபடி அடைக்கும். நான் நிறுத்தினேன், அடைத்தது. இரண்டாவது, வெஸ்டர்ன் டாய்லெட்டில் கால் தொங்குகிறது, முக்கத் தெரியவில்லை. காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள், முழங்கால் இடுப்பைவிட உயரமாக வர வேண்டும். சாப்பிட்டுப் பத்து நிமிஷத்தில் உட்கார வையுங்கள், அப்போதுதான் குடல் தானாகவே அசையும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கையில் பலூன் கொடுத்து ஊதச் சொன்னால் வயிறு தானாக முக்கும். எங்கள் வீட்டில் பலூன் வெடித்து மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை, ஆகவே சோப்புக் குமிழி.

30-06-2024

கட்டிப் பெருங்காயம் வாங்கினால் கோதுமை இருக்காது என்று எழுதியவருக்கு: வாங்கி வந்தோம். அதன் பின்பக்கமும் கோதுமை மாவுதான். மாமியார் டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டு, ‘இனி எதையும் கவுத்துப் பாக்காத’ என்று சொல்லிவிட்டார்.